வன்னியில் முதல் வீடு: கடதாசி தொடங்கி முற்றம் வரை

வெள்ளவத்தையில் அடுக்குமாடி வாங்குகிறவர் எத்தனையாம் மாடி, லிப்ட் ஓடுதா என்று கேட்பார். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ முதல் வீடு வாங்குகிறவர் கேட்க வேண்டியது, "இது என்ன காணி?" நாங்கள் வாங்கியது ஒரு வீட்டுத்திட்ட வீடு. 550 சதுர அடி, இரண்டு அறை, சின்னக் குசினி. வங்கிக் கடன் எடுப்பது எப்படி என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை வங்கிக்காரரே சொல்லித் தருவார்கள்.

1. காணியின் வகை

வன்னியில் கையில் தரும் கடதாசி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: உறுதி (நொத்தாரிசு எழுதிய உரிமைப் பத்திரம்), அளிப்பு (அரசு நிபந்தனையோடு சொந்தமாக்கித் தந்த பத்திரம்), பெமிற் (அரசு தந்த அனுமதிப் பத்திரம்).

உறுதி என்றால் தனியார் காணி. நேரே படி 2க்குப் போங்கள். மற்ற இரண்டும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தவை. குடியேற்றத் திட்டக் காணிகளில் கூடுதலாக இவைதான். பெமிற் காணியை உறுதி முடித்து விற்க ஏலாது. "கிராம சேவகருக்கு முன்னால கடிதம் எழுதித் தாறன்" என்று யாராவது சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

எங்களை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது அளிப்பு. ஜெயபூமி, ஸ்வர்ணபூமி என்று பெயர் போட்டு, அரச இலச்சினையோடு பார்க்க வடிவான கடதாசி. தரகர் "இது உறுதி மாதிரித்தான் தம்பி" என்றார். நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றுப்படுத்துபவர்) ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் எங்கே என்று கேட்டார். அது இல்லாமல் முடிக்கிற உறுதி செல்லாது. சம்மதத்துக்கு விற்கிறவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். கிராம சேவகரின் அறிக்கை கேட்பார்கள், காணி உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், கோப்பு மேசை மேசையாகப் போகும். ஒவ்வொரு முறையும் கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். இலக்கம் சொன்னால்தான் கோப்பு அசையும்.

இடையில் விற்கிறவர் அச்சாரம் கேட்பார். வெறும் கடதாசியில் முத்திரை ஒட்டி எழுதிக் காசு கொடுக்காதீர்கள். காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும்; 1840ஆம் ஆண்டிலிருந்து அதுதான் விதி. சம்மதம் கிடைக்காவிட்டால் அச்சாரம் முழுவதும் திரும்ப வரும் என்ற வசனத்தையும் அதில் போடச் சொல்லுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

2. வில்லங்கம் பார்த்தல்

காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதிகளை எடுத்து ஈடு, வழக்கு, பழைய கைமாற்றம் எல்லாம் பார்க்க வேண்டும். சட்டத்தரணியிடம் விடுங்கள்; இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். இடம்பெயர்வில் உறுதி தொலைந்தது என்று சொன்னால் பயப்படத் தேவையில்லை. நொத்தாரிசிடம் மூலப்படி இருக்கும், பதிவகத்துக்கும் ஒரு படி போயிருக்கும். அங்கே சான்றுப்படுத்திய பிரதி கேட்கலாம்.

3. விற்கிறவர் யார்?

சொந்தக்காரர் கனடாவில், கையெழுத்து வைப்பவர் மச்சான் என்றால் அற்றோனித் தத்துவத்தை, அதாவது தனக்காகக் கையெழுத்து வைக்கச் சொந்தக்காரர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, பாருங்கள். அது பதியப்பட்டிருக்க வேண்டும், ரத்துச் செய்யப்பட்டிருக்கக் கூடாது, கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்த அன்றோடு அது முடிந்துவிடும். ஆளோடு ஒரு வீடியோ கோல் எடுத்துக் கதைத்தால் பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

சீதனக் காணி என்றால், தேசவழமைக்கு (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மனைவி விற்கும்போது கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். பிரிபடாத பங்கு என்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் பிறகு வழக்குத்தான்.

4. அளவும் தண்ணியும்

யாழ்ப்பாணத்து ஆட்கள் பரப்பில் கதைப்பார்கள், இங்கே ஏக்கர், பேர்ச். ஒரு ஏக்கர் 160 பேர்ச், 16 பரப்பு. சேவையரைக் கூட்டிவந்து எல்லைக் கல்லை உங்கள் கண்ணால் பாருங்கள். வேலி இருக்கிற இடம் எல்லையாக இருக்கும் என்று கட்டாயமில்லை.

காணியை மார்கழி மழையில் ஒருதரம் போய்ப் பாருங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியில் எங்கெங்கே தண்ணி ஏறியது என்று அக்கம்பக்கத்து ஆச்சிமாரைக் கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். கிணற்றுத் தண்ணியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். எங்கள் கேத்திலின் அடியில் ஒரு மாதத்திலேயே வெள்ளைப் படை கட்டிவிட்டது.

பழைய காவலரண், பதுங்குகுழி இருந்த காணி என்றால், மிதிவெடி அகற்றித் துப்பரவாக்கிய இடமா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். அத்திவாரம் வெட்டும்போது ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

5. உறுதி முடிந்த அன்றே

முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். நொத்தாரிசின் கூலி வேறு. உறுதி முடித்தவுடன் பதிவுக்கு அனுப்பச் சொல்லி நெருக்குங்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், முதலில் பதிந்தவரின் உறுதிதான் முந்தும்.

6. இனி வீடு

குடிபூரலுக்கு முன் சாயம் அடிக்க எல்லோருக்கும் அவசரம். முதலில் சூட்டைக் குறையுங்கள். மேற்குப் பக்கம் ஒரு விறாந்தை இறக்கி, அதற்கு அப்பால் ஒரு வேம்பு வையுங்கள். கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைத் துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம், தூசு நுரையீரலுக்குக் கூடாது. கீழே சீலிங் அடிப்பது நல்லது.

தளபாடத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கடையில் மினுங்குகிற பலகைத்தூள் அலுமாரியை வாங்காதீர்கள். ஒரு மாரிக்குள் ஊதிவிடும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். பழைய முதிரை மேசை, கதிரை கிடைத்தால் எடுத்துத் தேய்த்து வாணிஷ் அடியுங்கள். சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் கறையானின் மண்கோடு ஏறுவது கண்ணில் படும்.

திரைச்சீலைக் கம்பிதான் எல்லோரையும் அழவைக்கும். புளொக் கல் சுவரில் கொங்கிறீற் ஆணி அடித்தால் ஒரு கைப்பிடி சாந்து உதிர்ந்து ஆணி ஆடும். ட்ரில் ஒன்றை இரவல் வாங்குங்கள். 6 மில்லிமீற்றர் பிற், அதே அளவு பிளக் (துளைக்குள் இறக்கி ஸ்குரூவை இறுக்கும் பிளாஸ்டிக் குழாய்). பிற்றில் பிளக்கின் நீளத்துக்கு ரேப் சுற்றினால் ஆழம் தெரியும். புளொக் கல்லில் ட்ரில்லின் ஹமரை (அடித்துத் துளைக்கும் இயக்கம்) நிறுத்திவிட்டுத் துளையுங்கள், இல்லாவிட்டால் உட்பக்கம் உடையும். யன்னலுக்கு நேர் மேலே இருப்பது லின்டல். அது கொங்கிறீற், அங்கே ஹமர் வேண்டும். பிற் ஒரேயடியாக நின்று கிறீச்சிட்டால் உள்ளே கம்பி இருக்கிறது. அழுத்தாமல் அரை அங்குலம் தள்ளித் துளையுங்கள். தூசை ஊதி எடுத்த பிறகு பிளக்.

மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். நாங்கள் வாசலில் செவ்வரத்தை வைத்தோம், யன்னலுக்கு நுளம்பு வலை அடித்தோம், விறாந்தையில் பனையோலைப் பாய் விரித்தோம். பின்னேரத்தில் வீட்டுக்குள் யாரும் இருப்பதில்லை, எல்லோரும் அந்தப் பாயில்தான்.

பிற்சேர்க்கை: அளிப்புக் காணியில் கால் ஏக்கரை மட்டும் பிரித்து வாங்கலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. எவ்வளவுக்குக் கீழே துண்டாக்கக் கூடாது என்ற அளவு அளிப்பிலேயே எழுதியிருக்கும். நீங்கள் கேட்கிற துண்டு அதைவிடச் சிறிதென்றால் பிரித்து எழுத ஏலாது. சேவையருக்குக் காசு கட்டுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.