அறக்கட்டளைச் சொத்து கைமாறுகிறதா? நீதிமன்றத்துக்குப் போகும் வழி

நான் தங்கிப் படித்த இலவச மாணவர் விடுதியின் நிலத்தை, அறங்காவலர் ஒருவர் தன் மைத்துனருக்கு அடிமாட்டு வாடகைக்கு விட்டார். நாங்கள் முதலில் ஓடியது காவல் நிலையத்துக்கு. போயிருக்க வேண்டியது மாவட்ட நீதிமன்றத்துக்கு.

முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தைப் படியுங்கள். பதிவானது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். அதில் பயன் யாருக்கு என்பதுதான் முக்கியம். 'என் வாரிசுகளின் படிப்புக்கு' என்றிருந்தால் அது தனியார் அறக்கட்டளை. நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் இந்த வழி திறக்காது. எங்கள் பத்திரத்தில் 'ஏழை மாணவர்களுக்கு' என்று இருந்தது. அந்த இரண்டு சொற்கள்தான் எங்களைக் காப்பாற்றின. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், பொதுநலன் ஆகியவற்றை 1890ஆம் ஆண்டு அறக்கொடைகள் சட்டமே (Charitable Endowments Act) அறநோக்கம் என்கிறது.

சரி, அப்புறம் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு. அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேராவது சேர்ந்து, நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்று வழக்குப் போட வேண்டும். அறங்காவலரை நீக்க, புதியவரை நியமிக்க, கணக்குக் கேட்க, நிர்வாகத் திட்டம் வகுக்கக் கோரலாம். மனுவில் சொந்தப் பகையைக் கலக்காதீர்கள். பொது உரிமைக்கான வழக்குதானா என்று நீதிபதி கட்டாயம் பார்ப்பார்.

தமிழ்நாட்டு இந்துக் கோயில்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவற்றுக்கு 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் தனியாக இருக்கிறது.