பச்சைத் திரையில் ‘டீ குடிக்கப் போவோமா?’ என்று கேட்பது எப்படி

1990-இல் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரே ஒரு கணினி. அதிலிருந்து கம்பி இழுத்து எட்டு முனையங்கள், அதாவது திரையும் விசைப்பலகையும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. முனையத்துக்குச் சொந்த மூளை கிடையாது. நாம் தட்டுவதைக் கணினிக்கு அனுப்பும், கணினி சொல்வதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான்.

ஒரு கணினி எட்டுப் பேருக்கு எப்படி வேலை செய்யும் என்று கேட்டவர்களுக்கு நான் சொதி விருந்தைக் காட்டுவேன். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்போடு சாப்பாடு போடுவார்கள். வரிசை முழுவதற்கும் ஒரே ஆள் வாளியோடு ஓடுவார். இலைக்கு ஒரு கரண்டி. நம் சோறு காய்வதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டால், நமக்கென்றே நிற்கிறார் என்று தோன்றும். நேரப் பகிர்வு என்பது இதுதான்.

அந்தக் கணினியில் ஆளுக்கு ஆள் செய்தி அனுப்பிய விதத்தை என் தம்பி மகளுக்கு இந்த ஆண்டு செய்தே காட்டினேன். “இணையம் இல்லாமல் மின்னஞ்சலா, பெரியப்பா?” என்றாள். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பழைய மடிக்கணினியில், யூனிக்ஸ் போலவே இயங்கும் லினக்ஸ் ஏற்றினேன். கட்டளைகள் பெரும்பாலும் அதேதான். நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் இரண்டு பயனர் கணக்குகள் வேண்டும். பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தில் கொடுங்கள். ஒருவர் அந்தக் கணினியிலேயே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கறுப்புத் திரையில் நுழையட்டும். மற்றவர் வேறொரு கணினியிலிருந்து, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நிரல் வழியாக உள்ளே வரட்டும். வழக்கமான வண்ணத் திரையில் திறக்கும் முனையச் சாளரத்தை நம்பாதீர்கள். ஆள் உள்ளே இருப்பதே சில நேரம் கணக்கில் வராது.

இப்போது ‘ஹூ’ (டபிள்யூ-ஹெச்-ஓ) என்று தட்டுங்கள். உள்ளே யார் யார், எந்த முனையத்தில் என்று பட்டியல் வரும். எதிராளி இருக்கிறார் என்றால், ‘ரைட்’ (எழுது என்னும் டபிள்யூ-ஆர்-ஐ-டி-ஈ) என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு அவர் பயனர் பெயரைத் தட்டி என்டர் அழுத்துங்கள். அவர் திரையில் யாரிடமிருந்து செய்தி என்ற அறிவிப்பு வரும், மணியும் அடிக்கும். இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் என்டர் அழுத்தியதும் அங்கே போய் விழும். பதில் பேச அவரும் உங்களுக்கு ‘ரைட்’ போட வேண்டும். முடிக்க கன்ட்ரோல் விசையோடு டி.

இருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் வரிகள் பின்னிக்கொள்ளும். அதற்குப் பழைய யூனிக்ஸ் கையேட்டிலேயே ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். போலீஸ்காரரின் வயர்லெஸ் போல, பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்பதற்குத் தனி வரியில் ஓர் ஆங்கில ‘ஓ’. உரையாடலே முடிந்தது என்றால் இரண்டு ‘ஓ’. நாங்கள் இதைக் கறாராகப் பின்பற்றினோம். அந்த முனையத்தில் தமிழ் எழுத்து கிடையாது என்பதால், ‘அண்ணாச்சி, டீ குடிக்கப் போவோமா’ என்பதை ஆங்கில எழுத்தில் கூட்டித் தட்டிவிட்டு, கீழே ஒரு ‘ஓ’ போடுவேன். எட்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி தலையைத் திருப்பாமல், ‘போகலாம், ஓ, ஓ’ என்று அனுப்புவார்.

இதில் ஒரு வம்பு உண்டு. எதிராளி என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று ‘ரைட்’ பார்க்காது. மூத்த விரிவுரையாளர் ஒருவர் கோப்புகளை எழுதித் திருத்தும் ‘விஐ’ நிரலில் தேர்வு வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தபோது, நான் தெரியாமல் அவருக்கு டீச் செய்தி அனுப்பிவிட்டேன். மூன்றாம் வினாவின் நடுவில் டீ போய் உட்கார்ந்தது. கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்து அவர் மின்சாரத்தை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். ஓடிப்போய்த் தடுத்தேன். கோப்புக்கு எதுவும் ஆகாது, திரை மட்டும்தான் அலங்கோலம். கன்ட்ரோல் விசையோடு எல் அழுத்தினால் ‘விஐ’ திரையைப் புதிதாக வரைந்துவிடும். அன்று மாலை அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தக் கதவை எப்படிச் சாத்துவது?

மெசேஜ் என்ற சொல்லைச் சுருக்கி எம்-ஈ-எஸ்-ஜி என்று தட்டி, இடைவெளி விட்டு ‘என்’ போடுங்கள். கதவு சாத்தியாயிற்று. ‘ஒய்’ போட்டால் திறக்கும். யூனிக்ஸில் முனையமும் ஒரு கோப்புதான். அதில் பிறர் எழுதும் உரிமையை இந்தக் கட்டளை எடுக்கிறது, கொடுக்கிறது. ‘ரைட்’ வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள். சாத்திய கதவும் ரூட் என்னும் நிர்வாகிக்குத் திறந்ததுதான்.

ஆள் உள்ளே இல்லையென்றால், அல்லது தொந்தரவு செய்ய மனமில்லையென்றால், ‘மெயில்’. என்னைக் கேட்டால் பத்துக்கு ஒன்பது முறை இதுவே போதும். இதற்கு லினக்ஸில் மெயில்யூட்டில்ஸ், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இரண்டு அஞ்சல் நிரல்களையும் நிறுவ வேண்டும். நிறுவும்போது கேட்கும் கேள்விக்கு, உள்ளூர் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ‘மெயில்’, இடைவெளி, பெயர். தலைப்பு கேட்கும், கொடுங்கள். எழுதி முடித்துப் புது வரியில் கன்ட்ரோல் விசையோடு டி. அவர் வெறும் ‘மெயில்’ என்று தட்டினால் பட்டியல் வரும். எண்ணைத் தட்டினால் கடிதம், டி போட்டால் அழியும், கியூ போட்டால் வெளியே வரலாம். பதிலுக்கு ஆர். ஆனால் சிறிய ஆர், பெரிய ஆர் இரண்டில் ஒன்று அனுப்பியவருக்கு மட்டும் போகும், மற்றது எல்லாருக்கும் போகும். எது எதற்கென்பது நிரலுக்கு நிரல் மாறும். முதலில் வீட்டு ஆட்களிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாடு யூனிக்ஸைவிட மூத்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கார்பட்டோ குழுவினர் 1961-இல் செய்துகாட்டிய சிடிஎஸ்எஸ் நேரப் பகிர்வு அமைப்பில், ஒருவருக்குச் சேதி சொல்ல வேண்டுமானால் பொது இடத்தில் ‘டாமுக்கு’ என்பது போலப் பெயரிட்ட கோப்பை விட்டுவைப்பார்களாம். டாம் வான் விளெக்கும் நோயல் மோரிசும் 1965-இல் அதற்கு ‘மெயில்’ கட்டளை எழுதினார்கள். பெறுபவரின் ‘மெயில் பாக்ஸ்’ என்ற கோப்பில் செய்தி சேரும். அடுத்த முறை அவர் உள்ளே நுழைந்ததும் பெட்டியில் கடிதம் இருப்பதாகக் கணினி சொல்லும். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே ‘மெயில்’, ‘ரைட்’ இரண்டும் இருந்தன. பெயருக்கும் கணினிக்கும் நடுவே நாம் போடும் ‘அட்’ குறி, ரே டாம்லின்சன் அதே ஆண்டு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பியபோது வந்தது. ஒரே கணினிக்குள் அந்தக் குறியே தேவைப்படவில்லை.

அஞ்சல்பெட்டி வெறும் கோப்பு என்பதை மறக்காதீர்கள். பிற பயனர்களுக்குப் பூட்டியிருக்கும். ரூட் நினைத்தால் பிரித்துப் படிக்கலாம். ஆய்வகத்தில் ரூட் கடவுச்சொல் என்னிடம் இருந்தது எல்லாருக்கும் தெரியும். அதனால் சம்பளச் சண்டையை யாரும் மெயிலில் எழுதவில்லை. வாசலில், செருப்பு மாட்டும்போது பேசிக்கொண்டார்கள்.

தம்பி மகள் அன்று நான் சொன்னபடி எல்லாம் செய்துவிட்டு, மடிக்கணினியோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். கால் மணி நேரம் கழித்துத்தான் நான் மற்றக் கணினியிலிருந்து ‘மெயில்’ தட்டினேன். ஒரே ஒரு கடிதம், தலைப்பு ‘டீ’. உள்ளே ஆங்கில எழுத்தில் ஒரு வரி: ஆறிக்கொண்டிருக்கிறது பெரியப்பா, ஓ.