ரிட்டயர்மென்டுக்கு அப்புறம் கேரவன் வாழ்க்கை: வண்டி வாங்குவது கடைசி வேலை

பென்ஷன் கைக்கு வந்ததும் பலருக்கு இந்த ஆசை வருகிறது. ஒரு வேனை வீடாக்கிக்கொண்டு, கணவனும் மனைவியுமாக ஊர் ஊராகப் போய்த் தங்குவது. கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து கிளம்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யூடியூப் பார்த்துவிட்டு எல்லோரும் முதலில் வண்டி தேடுகிறார்கள். அதைக் கடைசியில் வையுங்கள். தண்ணீர், கழிவு, கரண்ட் மூன்றும் உங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தால்தான், எந்த அளவு வண்டி என்பதே முடிவாகும். சொந்த வீட்டை விற்றுவிட்டு வண்டி வாங்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு, ஒரு அறையை உங்களுக்கென்று பூட்டி வைத்தால் போதும்.

படி 1: வாடகை வண்டியில் ஒரு சுற்று

சென்னை, பெங்களூரில் கேரவன் வாடகைக்குக் கிடைக்கிறது. எடுத்ததும் காஷ்மீருக்குத் திட்டம் போடாதீர்கள். கடலூர், வடலூர், நெய்வேலி, வீராணம் ஏரிக்கரை, சிதம்பரம், பிச்சாவரம், பரங்கிப்பேட்டை, திரும்பக் கடலூர் என்று ஒரு வாரம் சுற்றுங்கள். எங்கே சிக்கல் வந்தாலும் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். வடலூரில் ஒரு வேளை சமையலும் மிச்சம். அன்னதானத்துக்காக 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையவில்லை. தைப்பூசம் சமயத்தில் மட்டும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது.

இந்த ஒரு வாரமும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை லிட்டர் தண்ணீர் செலவானது, இரவு எத்தனை முறை எழுந்தீர்கள், ஏறி இறங்கும்போது யாருக்கு முழங்கால் வலித்தது. வீட்டம்மாவின் குறிப்பைத் தனியாக வாங்குங்கள். இரண்டு நோட்டும் ஒத்துப்போகாது.

படி 2: தண்ணீரும் கழிவறையும்

இந்த விஷயத்தைப் பேச எல்லோருக்கும் கூச்சம். ஆனால் பாதிப் பேர் திரும்பி வருவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

சிக்கனமாக இருந்தால் இருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் போதும். ஆளுக்கு ஒரு வாளியாக 30 லிட்டர் குளிக்க, 10 சமைக்கவும் குடிக்கவும், மிச்சம் பாத்திரத்துக்கு. 120 லிட்டர் டேங்க் இரண்டரை நாள் வரும். அது 120 கிலோ எடை என்பதை மறக்க வேண்டாம். டேங்க் தாழ்வாக, ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வளைவில் வண்டி ஆட்டம் காட்டாது. குடிக்க மட்டும் தனியாக 20 லிட்டர் கேன். கடற்கரையோரம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், டேங்கில் அதை ஏற்றாதீர்கள்.

கழிவறைக்கு கேசட் டாய்லெட் போதும். இழுத்து எடுக்கும் பெட்டி சுமார் 20 லிட்டர் கொள்ளும். இருவருக்கு இரண்டு, மூன்று நாள் தாங்கும். அதைக் கொட்ட வேண்டிய இடம் ஒரு கழிவறை மட்டுமே. லாட்ஜோ பெட்ரோல் பங்க்கோ, முதலில் கேட்டு அனுமதி வாங்குங்கள். ஓடையிலோ வாய்க்காலிலோ கொட்டுகிறவர்களால்தான் அடுத்து வரும் வண்டிக்கு ஊர்க்காரர்கள் இடம் தருவதில்லை.

படி 3: கரண்ட் கணக்கு

கரண்ட் குறைவாக இழுக்கும் 12 வோல்ட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, ஒவ்வொன்றும் 30 வாட், பத்து மணி நேரம் ஓடினால் 600 வாட்-அவர் (1000 சேர்ந்தால் ஒரு யூனிட்). சின்ன கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் நாளைக்கு ஏறக்குறைய 500. லைட், போன், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து 200. ஆக 1300. 12 வோல்ட், 200 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரி ஒன்றில் 2500 சொச்சம் இருக்கும். கூரையில் 400 வாட் சோலார் போட்டால் நல்ல வெயிலில் 1600 வரை திரும்ப ஏறும். கணக்கு சரியாக வருகிறது.

மாவாட்டுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓடினாலும் 110-தான் இழுக்கும். பாத்திரத்தில் பாதி அளவு மட்டும் மாவு வையுங்கள். வண்டிக்குள் சீக்கிரம் பொங்கும். கணக்கைக் கெடுப்பது ஏ.சி. ஒரு டன் ஏ.சி. மணிக்கு சுமார் 1000 வாட்-அவர் தின்னும், இரண்டே மணி நேரத்தில் பேட்டரி காலி. ஏ.சி.யை வெளியே பிளக் பாயின்ட் கிடைக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள். ஏ.சி.க்காகக் கூடுதல் பேட்டரி வாங்கும் காசில் கூரைக்கும் சுவருக்கும் நல்ல இன்சுலேஷன் செய்துகொள்ளலாம்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டிக்கு அடியில் காற்றுத் துளையும், தரையை ஒட்டி கேஸ் அலாரமும் கட்டாயம். வண்டி நகரும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

படி 4: காகிதங்கள்

எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸில் மொத்த எடை 7500 கிலோ வரை ஓட்டலாம். டிராவலர், விங்கர் வேன்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். 55 வயது தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள், மருத்துவச் சான்று வேண்டும்.

பழைய வேனை வாங்கி ஆசாரியிடம் விட்டுக் கட்டிலும் அலமாரியும் அடிப்பது சுலபம். ஆனால் இந்த மாற்றத்தை ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) பதியாமல் ஓட்டினால், விபத்தின்போது இன்சூரன்ஸ் கைவிரிக்கும். மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது; அதன்படி கட்டிச் சான்றோடு தருகிறவர்களிடமே போங்கள். புதுச்சேரியில் வரி குறைவு என்று அங்கே உள்ள சொந்தக்காரர் விலாசத்தில் பதிவு செய்யும் யோசனையைச் சொல்ல நாலு பேர் வருவார்கள். தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மாற்றி வரி கட்டித்தான் ஆக வேண்டும். புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையில் டீசல் நிரப்பிக்கொள்வதோடு புதுச்சேரிச் சலுகை போதும்.

படி 5: இரவு எங்கே நிறுத்துவது

கடற்கரை மணலில் வேண்டவே வேண்டாம். சக்கரம் புதையும், உப்புக் காற்றில் அடிப்பாகம் துருப்பிடிக்கும். கடலூர் சில்வர் பீச்சுக்குப் போய் வந்தால்கூட அடியில் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். புதுச்சேரியில் மாலை ஆனதும் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், பிரெஞ்சுத் தெருக்களும் குறுகல். வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

நான் சிபாரிசு செய்வது கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, பெரும்பாலான மண்டபங்கள் சும்மா கிடக்கும். பார்க்கிங், தண்ணீர், பாத்ரூம், பிளக் பாயின்ட், இரவுக் காவலாளி எல்லாம் ஒரே இடத்தில். மேனேஜரிடம் "ஐயா, ரெண்டு பேர்தான், ஒரு ராத்திரிக்கு என்ன தரணும்?" என்று நேராகக் கேளுங்கள். பிளக் செருகும் முன் எர்த் இருக்கிறதா என்று சாக்கெட் டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

படி 6: காலண்டர்

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை நம் கரையில் வண்டியில் இருக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை ஏறியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம். அந்த மாதங்களில் மைசூர்ப் பக்கம் போய்விடலாம். மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாக ஊட்டி போவதானால், இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலையை மூடிவிடுவார்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு பஸ் ஏறுங்கள்.

மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்காக ஊர் திரும்ப வேண்டாம். ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டிப் போட்டுவிடலாம். இன்சுலின் போடுகிறவர்கள் ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

படி 7: இப்போது வண்டி

நோட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு வண்டி பாருங்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாத வண்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒதுக்குங்கள். வாங்கி முடித்ததும் டேங்க், சிலிண்டர், அரிசி மூட்டை, துணிமணி, நீங்கள் இருவர் எல்லாம் ஏறி, கரும்பு லாரி எடை போடும் எடை மேடைக்கு ஒருமுறை ஓட்டிப் போங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் முதலில் இறக்க வேண்டியது பித்தளைப் பாத்திரங்களை. உயரத்தையும் டேப்பால் அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். ரயில்வே சப்வேக்கு முன்னால் நின்று யோசிக்கப் பின்னால் வரும் டவுன் பஸ் நேரம் தராது.