இரவில் செடிகள் ஆக்சிஜன் தருகின்றனவா?

கற்றாழையையும் ஸ்னேக் பிளான்ட்டையும் படுக்கையறையில் வைத்தால் இரவு முழுவதும் ஆக்சிஜன் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியன்று. இலையிலுள்ள பச்சையம் ஒளியை ஈர்த்து, அந்த ஆற்றலால் நீர் மூலக்கூறு பிளக்கப்படும்போதுதான் ஆக்சிஜன் வெளிவருகிறது என்பதால், இருளில் எந்தச் செடியாலும் அதை உண்டாக்க இயலாது. யான் இங்கன்ஹவுஸ் என்ற அறிஞர் 1779ஆம் ஆண்டிலேயே, செடிகள் ஒளியில் மட்டுமே இவ்வாயுவை வெளியிடுவதைச் சோதித்துக் காட்டினார். கற்றாழை போன்றவை நீரிழப்பைத் தவிர்க்க இரவில் இலைத்துளைகளைத் திறந்து, கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கி மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. இந்த வியப்பான ஏற்பாடுதான் இரவில் ஆக்சிஜன் தரும் என்ற தவறான செய்தியாகத் திரிந்திருக்க வேண்டும்.

அதற்காக இரவில் தொட்டிகளை அஞ்சி வெளியேற்றவும் வேண்டாம். செடிகள் இரவும் பகலும் சுவாசிக்கின்றன என்றாலும், சில தொட்டிச் செடிகள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, உறங்கும் ஒருவர் வெளியிடுவதைவிட மிகக் குறைவு. அறைக்கு நல்ல காற்று வேண்டுமெனில் சன்னலைத் திறந்து வைப்பதே பயன் தரும்.

உண்மையான கவனம் தேவைப்படுவது மீன் தொட்டியில்தான். அடர்ந்த நீர்ச்செடிகளும் மீன்களும் இரவில் ஒரே நீரிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்துவதால், விடியற்காலையில் அதன் அளவு மிகவும் குறைந்திருக்கும். எனவே காற்றுப் பம்பை இரவில் நிறுத்தாதீர்கள்.