கால் கிலோ கைமாவில் ஐந்து பேருக்கு ராத்திரிச் சாப்பாடு

குடியாத்தத்தில் சித்தூர் பஸ் ஏறினால் பரதராமியோடு தமிழ்நாடு முடிந்துவிடும். இந்தப் பக்கம் பல வீடுகளில் உள்ளே தெலுங்கு, வாசலில் தமிழ். எங்கள் வீடும் அப்படித்தான். அடுப்படிக்குள் போனால் இவற்றோடு உருதுவும் சேரும். மதுரைக்காரர்கள் கொத்துக்கறி என்பதை நாங்கள் கைமா என்போம், உருதுவில் கீமா. தெருச் சண்டையில் ‘கைமா பண்ணிடுவேன்’ என்று மிரட்டுவார்களே, அதே கைமாதான்.

இந்தக் கைமா பருப்புச் சோறு என் ஆயாவின் கைப்பக்குவம். எங்களுடையது தறி வீடு. கூலி கைக்கு வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கறி வரும், சாப்பிட எட்டுப் பேர் இருப்போம். துண்டு போட்டால் ஆளுக்கு இரண்டு கூடத் தேறாது, அப்புறம் ‘அவனுக்கு மட்டும் மூணு’ என்று ஒரே அழுகை. அதனால் ஆயா கைமாவாகக் கொத்தி வாங்கிவரச் சொல்லி, கடலைப்பருப்பைக் கலந்து ஒரே குண்டானில் சோறாக்கிவிடுவாள். ‘பருப்பு கறி ருசியைக் குடிச்சிக்கும், பசங்க ரெண்டையும் கறின்னே மென்னுட்டுப் போவாங்க’ என்பாள். பத்து வயது வரை எனக்கும் எது கறி, எது பருப்பு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

போன ஞாயிறு கால் கிலோ ஆட்டுக் கைமாவுக்கு 220 ரூபாய் கொடுத்தேன். ஐந்து பேர் வயிறு நிறையச் சாப்பிட்டோம். மாட்டுக்கறி சாப்பிடுகிற வீடென்றால் செலவு இன்னும் குறையும். கறி வேக மட்டும் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

தேவையானவை

200 மில்லி டம்ளர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லா அளவுக்கும் அதுவே. பச்சரிசி 2 டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், கைமா 250 கிராம். பெரிய வெங்காயம் மூன்று, தக்காளி மூன்று, இஞ்சி பூண்டு விழுது இரண்டு ஸ்பூன், பச்சைமிளகாய் இரண்டு, காய்ந்த மிளகாய் ஆறு. பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, ஏலக்காய் இரண்டு, மஞ்சள்தூள் கொஞ்சம். புதினா, கொத்தமல்லி ஒரு கைப்பிடி. கடலை எண்ணெய் நான்கு ஸ்பூன், உப்பு.

பாசுமதி, சீரக சம்பா எல்லாம் வேண்டாம். பிரியாணிக்குப் போடுகிற அரிசியைப் போட்டால் இது சிக்கனச் சமையலே இல்லை. கடையில் ‘பிபிடி’ என்றோ ‘ஆந்திரா பொன்னி’ என்றோ விற்கும் அரிசியே போதும். குண்டூர் பக்கம் உள்ள பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1986இல் வெளிவந்த ரகம் அது. பிபிடி என்ற மூன்றெழுத்தும் பாபட்லாவைத்தான் குறிக்கிறது. குழையாமல் வேகும்.

கறிக்கடையில்

பாதி சமையல் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். நான் கேட்பது இப்படி:

‘பாய், கால் கிலோ கைமா. மெஷின்ல போடாதீங்க, கத்தியாலயே கொத்திக் குடுங்க.’

‘கொழுப்பை எடுத்துடவாம்மா?’

‘வேணாம் பாய், கொஞ்சம் இருக்கட்டும்.’

மெஷினில் அரைத்தது விழுதாகிவிடும். சட்டியில் போட்டதும் கட்டி கட்டியாகத் திரளும். கத்தியால் கொத்தியது பருப்பு அளவில் உதிரியாக நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான். துளி கொழுப்பு இல்லாவிட்டால் கறி சக்கையாகிவிடும், சோற்றிலும் மணம் ஏறாது. கழுத்துக்கறியும் தொடைக்கறியும் கலந்து வாங்கினால் நல்லது.

கண் முன்னால் கொத்தித் தருவதையே வாங்குங்கள். ஒருமுறை அவசரத்தில் வேறொரு கடையில் ஏற்கெனவே கொத்தி வைத்திருந்ததை வாங்கிவந்தேன். முதல் வாயிலேயே எலும்புச் சில்லு பல்லில் கடிபட்டது, பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். அதோடு, கொத்திய கறியில் காற்றுப்படும் பரப்பு அதிகம், துண்டுக்கறியைவிடச் சீக்கிரம் கெடும். வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள்.

கழுவ வேண்டுமா? கழுவாவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். கண் சிறிதான வடிகட்டியில் போட்டு ஒரே ஒருமுறை தண்ணீர் விட்டு, கையால் நன்றாக அழுத்திப் பிழியுங்கள். கிருமி போவது கழுவுவதால் அல்ல, வேக வைப்பதால். பாத்திரத்தில் போட்டு நான்கு தண்ணீரில் அலசினால் கைமாவில் பாதி சாக்கடைக்குப் போகும்.

அடுப்பில்

முதலில் கடலைப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரையுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி பிரியாணியில் தூளுக்குப் பதில் இந்த விழுதுதான் போடுவார்கள். நிறம் தூக்கலாக வரும். உங்களிடம் இருப்பது குண்டூர் மிளகாய் என்றால் நான்கு போதும், காரம் நாக்கைச் சுட்டுவிடும்.

அடி கனத்த குண்டானில் எண்ணெயைக் காயவைத்து பட்டை, கிராம்பு, ஏலக்காய் போடுங்கள். பொரிந்ததும் வெங்காயம். பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை வதக்க வேண்டும், பத்து நிமிடமாவது ஆகும். புதிதாகச் சமைப்பவர்கள் அவசரப்படுவது இங்கேதான். அடுத்து இஞ்சி பூண்டு விழுது, கீறிய பச்சைமிளகாய், பச்சை வாசனை போனதும் மிளகாய் விழுது, மஞ்சள்தூள்.

இப்போது கைமா. போட்டவுடன் தீயைக் கூட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் கட்டிகளை உடைத்துக்கொண்டே இருங்கள். இரண்டு நிமிடத்தில் கறி தண்ணீர் விடும். ‘ஐயோ, குழம்பாகிவிட்டதே’ என்று பதற வேண்டாம். அந்தத் தண்ணீர் முழுக்கச் சுண்டட்டும். சளசளவென்ற சத்தம் மாறி, எண்ணெயில் பொரியும் சத்தம் வரும். அதுவரை கறி அவிகிறதே தவிர, வறுபடுவதில்லை. அந்தச் சத்தம் வந்தபிறகு மூன்று நான்கு நிமிடம் பிரட்டி வறுத்தால்தான் மணம் வாசல்வரை போகும்.

ஊறிய பருப்பை வடித்துப் போட்டு, அரை ஸ்பூன் உப்பும் 2 டம்ளர் தண்ணீரும் சேர்த்து, மூடி சிறு தீயில் இருபது நிமிடம் விடுங்கள். தக்காளி இப்போது கூடாது. முதன்முதலில் நான் தனியாகச் சமைத்தபோது வெங்காயத்தோடு தக்காளியையும் வதக்கிவிட்டேன். சோறு குழைந்த பிறகும் பருப்பு கடுக்குமுடுக்கென்று கிடந்தது. புளிப்புப் பட்டால் பருப்பு லேசில் மசியாது. அரிசியையும் இந்த நேரத்தில் கழுவி ஊறப் போட்டுவிடலாம்.

ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பாருங்கள். விரலுக்குள் உடைந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் பதம் சரி. இப்போது நறுக்கிய தக்காளி, புதினா, கொத்தமல்லி. ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனதே, நினைவிருக்கிறதா? பெரிய தக்காளிச் சந்தையான மதனப்பள்ளி எங்களுக்கு அவ்வளவு தூரமில்லை, இருந்தும் விலை இறங்கவில்லை. அந்த மாதம் முழுக்க ஒரு சின்னக் கட்டு புளிச்சகீரைதான் போட்டேன். ஆந்திராவில் கோங்கூரா என்று கறியோடு சேர்த்துச் சமைக்கிற அதே கீரை. இலையை மட்டும் ஆய்ந்து தக்காளி போடும் நேரத்தில் போட்டால் அப்படியே மசிந்து போகும். சொல்லப்போனால் எனக்குத் தக்காளியைவிட இதுதான் பிடித்தது. பிள்ளைகளுக்குப் புளிப்பு கொஞ்சம் அதிகம்.

குண்டானில் இப்போது அரை டம்ளர் அளவுக்குக் குழம்பு நிற்கும். மூன்றரை டம்ளர் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி உப்பைப் பாருங்கள்; நாக்கில் சற்றுக் கரிக்க வேண்டும், அப்போதுதான் சோற்றில் சரியாக இருக்கும். வடித்த அரிசியைப் போட்டு ஒரே ஒரு கிளறு. மூடாமல் பெரிய தீயில் கொதிக்கட்டும். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேலே குழி குழியாக விழும்போது மூடி, அடியில் தோசைக்கல் வைத்து, மிகச் சிறு தீயில் பதினைந்து நிமிடம் தம். அணைத்த பிறகும் பத்து நிமிடம் திறக்காதீர்கள்.

குக்கர்தான் வசதி என்றால் கைமாவும் பருப்பும் மூன்று விசில், திறந்து தக்காளி வதங்கியதும் அரிசியும் மூன்று டம்ளர் தண்ணீரும், மறுபடி இரண்டு விசில். நேரம் மிச்சம்தான், ஆனால் கொஞ்சம் குழையும்.

தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப் பச்சடி போதும். மிச்சமானால் ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சுட வையுங்கள். வெளியே வைத்தால் கெட்டுவிடும். பரிமாறும்போது ஓரத்திலிருந்து தோசைத் திருப்பியால் அடிவரை வாரி எடுங்கள். அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டித் தனியாக வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது சண்டை வருவது அதற்குத்தான்.