கொல்லையில் கோடைப்பூ: டெல்டா மண்ணில் கிழங்குப் பூச்செடிகள் வளர்ப்பது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் கிழங்குப் பூச்செடி வைத்து வராமல் போனவர்களைக் கேட்டால், பெரும்பாலும் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். அக்னி நட்சத்திரத்தில் கிழங்கு வெந்துவிட்டது என்பார்கள். தோண்டிப் பார்த்தால் வெந்திருக்காது, அழுகியிருக்கும். நம் வண்டல் களிமண் நெல்லுக்குத் தாய்வீடு. கிழங்குக்கோ அதில் மூச்சு முட்டும். தண்ணீர் தேங்காத இடம் மட்டும் அமைந்துவிட்டால் சித்திரை வெயிலை இந்தச் செடிகள் சாதாரணமாகத் தாங்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெட்டில் நீல நிற டூலிப் படம் போட்டு விற்கும் பாக்கெட்டை வாங்காதீர்கள். டூலிப் கிழங்கு பூக்க மூன்று மாதத்துக்கு மேல் 9 டிகிரிக்குக் கீழான குளிர் வேண்டும். நமக்கு மார்கழிப் பனியிலும் ராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். டாஃபடிலும் அதே கதைதான். நம்மூர்க் கோடையில் பூக்கும் கிழங்குகளே நிறைய இருக்கின்றன, அவற்றைப் பார்ப்போம்.

எப்போது தொடங்குவது?

தை பிறந்த பிறகு. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுப்பு நடக்கும். வழக்கப்படி ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூர் அணையை மூடியதும் வாய்க்கால்களில் தண்ணீர் குறைந்து, கொல்லை மண் மெல்லக் காயத் தொடங்கும். மண்வெட்டியில் ஒட்டாமல், கட்டி உடைந்தால் பொலபொலவென்று உதிரும் பதம் வந்ததும் வேலையை ஆரம்பிக்கலாம். தை கடைசியிலிருந்து மாசி முடிவு வரை நடுவதற்கு நல்ல காலம். பங்குனியில் நட்டாலும் தப்பில்லை, பூ கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

படி 1: குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

நட நினைக்கும் இடத்தில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் ஒரு குழி. நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாம் முறை ஊற்றியது மூன்று நான்கு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் நல்ல இடம். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் அங்கே தரையில் நடாதீர்கள். ஓரடி உயர மேட்டுப்பாத்தி போடுங்கள், அல்லது தொட்டிக்குப் போய்விடுங்கள்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடம், வாழையடி இரண்டையும் விட்டுவிடுங்கள். வாழைக்குத் தேவையான ஈரம் அமரில்லிஸ் போன்ற பூக்கிழங்கை ஒரே மாதத்தில் கூழாக்கிவிடும். தென்னையின் அடிப்பக்கமும் வேண்டாம். வேர் அடர்ந்த மண்ணில் கிழங்கு பெருக்காது. மரத்திலிருந்து ஆறேழு அடி தள்ளி, கீற்று நிழல் வந்து வந்து போகும் இடம் சில கிழங்குகளுக்கு நன்றாக ஒத்துப்போகும்.

படி 2: இடத்துக்கு ஏற்ற கிழங்கு

இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். படத்தைப் பார்த்துக் கிழங்கை வாங்கிவிட்டு, அப்புறம் இடம் தேடுகிறார்கள்.

நாள் முழுக்க வெயில் அடிக்கும், தண்ணீர் வடியும் இடம் இருந்தால் யோசிக்காமல் சம்பங்கி வையுங்கள். மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு நம் கல்யாண மாலையோடு கலந்துவிட்டது. ஒற்றை, அடுக்கு என்று இரண்டு வகை உண்டு. வாசனையும் மாலையும் வேண்டுமென்றால் ஒற்றை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் ஒற்றை ரகம்தான், மொட்டில் லேசாக ரோஸ் நிறம் ஓடும். அடுக்குச் சம்பங்கி பூ ஜாடிக்கு அழகு. வீட்டுக்கு என்று கேட்டால் நான் ஒற்றையைத்தான் சொல்வேன். சாயங்காலம் கொல்லைக் கதவைத் திறந்தாலே மணம் உள்ளே வரும்.

காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடத்துக்கு அமரில்லிஸ், ஃபுட்பால் லில்லி. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பெயர் தெரியாமலே இருக்கும் அந்தச் சிவப்புக் குழல் பூதான் அமரில்லிஸ். ஃபுட்பால் லில்லியைச் சிலர் மே மாதப் பூ என்பார்கள். ஆப்பிரிக்கக் கிழங்கு. பல மாதம் தொட்டியில் வெறும் மண்தான் தெரியும். திடீரென்று ஒருநாள் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு தடித்த மூக்கு எட்டிப் பார்க்கும். தண்டில் சிறு புள்ளிகள், உச்சியில் மொட்டுகளை இறுக்கிப் பிடித்த மடல். மடல் விரிந்ததும் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் நாலா பக்கமும் குத்திட்டு நின்று, சிவப்புப் பந்தாகிவிடும். பூவுக்குப் பின்னால்தான் இலை முழுதாக வரும். வெறும் தொட்டி என்று நினைத்து யாராவது அதில் கீரை விதை தூவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்தி ஓரத்துக்கு ரெயின் லில்லி. ரோஸ், வெள்ளை, மஞ்சள் கிடைக்கும். கோடை மழை ஒன்று கொட்டினால் நாலைந்து நாளில் வரிசையாகப் பூத்துவிடும். குழாய்த் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் அந்த அளவுக்குப் பூக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட எளிய செடி கிடையாது.

சரி, தண்ணீர் நிற்கும் இடம் மட்டும்தான் இருக்கிறது என்றால்? ஸ்பைடர் லில்லியும் விஷமூங்கிலும் (மூங்கில் இல்லை, லில்லிபோலப் பூக்கும் கிழங்குச் செடிதான்) ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். நாகை, வேதாரண்யம் பக்கம் கொஞ்சம் உப்புத் தண்ணீர் வந்தாலும் விஷமூங்கில் தாக்குப்பிடிக்கும். வெங்காயம் மாதிரிக் கிழங்கு இல்லாவிட்டாலும் கல்வாழையும் அங்கே செழிப்பாக வரும்.

வேதாரண்யம் மணலில் பயிராகும் செங்காந்தளை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது மழைக்காலப் பூ, ஆடியில் நட வேண்டியது. அதன் கிழங்கில் கொல்சிசின் என்ற கடும் விஷம் இருப்பதால் குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு வேண்டாம்.

படி 3: மண்ணை இளக்குவது

களிமண்ணில் வெறும் மணலை மட்டும் கொட்டினால் செங்கல் சூளை மண் மாதிரி இறுகிவிடும். மட்கிய எருவும் கூடவே போக வேண்டும். தோட்டத்து மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு. டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: ரைஸ் மில்லில் கருக்கிய உமி கிடைக்கும். மணல் விற்கும் விலைக்கு, மணலில் பாதியைக் குறைத்து அதைச் சேர்த்துக்கொள்ளலாம். மண் லேசாகும், காற்றும் போகும். தேங்காய் நார்க்கழிவை மட்டும் கை நிறைய அள்ளிப் போடாதீர்கள். கோடையில் நன்மைபோலத் தெரியும், ஐப்பசி மழையில் ஊறிய பஞ்சாகக் கிழங்கைச் சுற்றி நிற்கும்.

பச்சைச் சாணம் கூடவே கூடாது. சூட்டில் கிழங்கின் அடித்தட்டு வெந்து, வேர் விடாது. சதுர அடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஒரு வாரம் ஆறவிடுங்கள். சம்பங்கி வேரில் முடிச்சு போடும் நூற்புழுவை அது கட்டுப்படுத்தும்.

தொட்டி என்றால் 12 அங்குல மண்தொட்டியே போதும். அடியில் ஜல்லி நிரப்பும் பழக்கம் எதற்கும் உதவாது, வேருக்கான இடத்தைத்தான் தின்னும். ஓட்டைமேல் ஓர் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் வெளியேறாது, தண்ணீர் போகும்.

படி 4: கிழங்கை அழுத்திப் பார்த்து வாங்குங்கள்

கட்டைவிரலால் அடிப்பக்கத்தை அழுத்துங்கள். வேர் முளைக்கும் அந்தத் தட்டு கல் மாதிரி இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினாலோ, மோந்தால் புளித்த வாடை வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேல்தோல் காய்ந்து உரிந்திருப்பது குறையே இல்லை. எடையும் முக்கியம்: ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்கள். சம்பங்கியில் 25, 30 கிராம் கிழங்கு முதல் பருவத்திலேயே பூக்கும். சுண்டைக்காய் அளவுப் பொடிக்கிழங்கை மலிவு என்று வாங்கினால் ஒரு வருஷம் இலைதான் பார்க்கலாம். சம்பங்கி பயிர் செய்யும் விவசாயி பழக்கத்தில் இருந்தால் அவரிடமே கேளுங்கள், நர்சரியை விடக் கிழங்கும் பெரிது, விலையும் குறைவு.

அமரில்லிஸும் ரெயின் லில்லியும் வாங்கும் பொருளே இல்லை என்பேன். எந்தத் தெருவிலும் ஒரு வீட்டில் பொங்கி வழியும். "அக்கா, அந்தச் சிவப்புப் பூக் கிழங்கு ரெண்டு தாங்களேன்" என்று கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள். அவர்களுக்கும் இடம் காலியாகும்.

நடுவதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி) கரைத்து, அரை மணி நேரம் கிழங்கை ஊறவைத்து நிழலில் உலர்த்தி எடுங்கள். எங்காவது அழுகல் இருந்தால் வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, சாம்பல் தடவி ஒருநாள் ஆறப்போட்டு அப்புறம் நடலாம்.

படி 5: நடும் ஆழம்

எல்லாக் கிழங்கையும் உருளைக்கிழங்குபோல ஆழமாகப் புதைப்பதுதான் பூக்காமல் போவதற்குப் பெரிய காரணம். அமரில்லிஸ் கிழங்கின் கழுத்தும் தோளும் வெளியே தெரிய வேண்டும், மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். ஃபுட்பால் லில்லிக்குக் கழுத்து மண் மட்டத்தோடு நின்றால் சரி. சம்பங்கியின் நுனிக்கு மேல் ஓர் அங்குலம் மண், கிழங்குக்குக் கிழங்கு ஒரு சாண், வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. ரெயின் லில்லியை ஓர் அங்குல ஆழத்தில், இரண்டு விரல் இடைவெளியில் நெருக்கமாக வையுங்கள், கூட்டமாகப் பூத்தால்தான் அதற்கு அழகு.

எதையும் தலைகீழாக நடாதீர்கள். வேர்த்தட்டு கீழே, கூர் மேலே.

படி 6: தண்ணீர்

நட்டதும் ஒரு முறை நன்றாக நனையுங்கள். முளை தெரியும்வரை நாலைந்து நாளுக்கு ஒரு தடவை போதும். வேர் இல்லாத கிழங்கு தண்ணீரைக் குடிக்காது, அதில் ஊறத்தான் செய்யும். இலை வந்த பிறகு விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் தரைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், தொட்டிக்குத் தினம் காலையில். கிழங்கின் கழுத்துக்குள் ஊற்றாமல் சுற்றிலும் ஊற்றுங்கள். அறுப்பு முடிந்த வைக்கோல் சும்மா கிடைக்கும் காலம் இது. பாத்திமேல் மெல்லிசாகப் பரப்புங்கள், கழுத்தை மட்டும் மூடாமல் விடுங்கள்.

தை கடைசியில் நட்ட சம்பங்கி மூன்று, மூன்றரை மாதத்தில் தண்டு விடும். மொட்டு வரும் நேரத்தில் செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரமும் கொஞ்சம் விறகுச் சாம்பலும் வைத்தால் போதும். யூரியா போட்டால் இலை மட்டும் கோரைபோல ஓங்கும்.

படி 7: பூ முடிந்த பிறகு

வாடிய தண்டை மட்டும் அடியோடு வெட்டுங்கள். காய் பிடிக்க விடாதீர்கள். இலையைத் தொடாதீர்கள். அசிங்கமாக இருக்கிறது என்று இலையை முடிந்து கட்டுகிறவர்களையும் கத்தரிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அடுத்த வருஷப் பூவை இந்த வருஷ இலைதான் சமைக்கிறது. ஒரு முறை பூத்த சம்பங்கிக் கிழங்கு மறுபடி பூக்காது, பக்கத்துக் குட்டிகள் பூக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் தூர் நெருக்கமானால் தோண்டிப் பிரித்து நடுங்கள்.

இலையில் இரவோடு இரவாகப் பெரிய பெரிய ஓட்டை விழுந்தால் கறுப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளி வைத்த புழுவைத் தேடுங்கள். அமரில்லிஸ், ரெயின் லில்லி, விஷமூங்கில் எல்லாமே அதற்கு விருந்து. பகலில் இலையிடுக்கில் பதுங்கும். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் உடனடி மருந்து. குட்டிப் புழுவாக இருக்கும்போதே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளித்தால் பெருகாது.

படி 8: ஐப்பசிக்கு முன்

புரட்டாசி கடைசிக்குள் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். மேட்டுப்பாத்தியில் இருக்கும் சம்பங்கி, ரெயின் லில்லியை அப்படியே விடலாம், பாத்தியைச் சுற்றி வடிகால் மட்டும் வெட்டி, அது தெரு வாய்க்காலில் சேர்கிறதா என்று பாருங்கள். தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். இலை பழுத்து விழுந்த ஃபுட்பால் லில்லிக்கு அதன்பின் தண்ணீரே வேண்டாம். பள்ளத்தில் இருக்கும் அமரில்லிஸைத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து, சணல் சாக்கிலோ காய்ந்த மணல் தட்டிலோ போட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து அழுகிவிடும். ஆறிலிருந்து எட்டு வாரம் இப்படிக் காய்ந்து கிடப்பது அடுத்த பூவுக்கும் நல்லது.

அந்தச் சாக்கை அடுக்களையில் மட்டும் வைக்காதீர்கள். அமரில்லிஸ் கிழங்கு பார்ப்பதற்கு அச்சு அசல் வெங்காயம். அதிலும் ஃபுட்பால் லில்லியிலும் விஷம் இருக்கிறது, தின்றால் வாந்தி, பேதி நிச்சயம். ஆடு, நாய் இருக்கும் வீட்டில் உயரமாகப் பரணில் கட்டிப் போடுங்கள். எந்தக் கிழங்கு என்று எழுதிய சீட்டு ஒன்றையும் உள்ளே போட்டுவையுங்கள், தையில் எடுக்கும்போது உங்களுக்கே மறந்திருக்கும்.