புதைபடிவச் சுறாப்பல்லை இனம் பிரிக்க, முதலில் காசிமேட்டுக்குப் போங்கள்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் நான் படம்பிடித்த சுறாப்பல் புதைபடிவங்களோடு ஓராண்டு முட்டிக்கொண்டேன். தெளிவு பிறந்தது காசிமேட்டில் வாங்கிய ஒரு சுறாத்தலையால்தான். புதுமையான வழியன்று. 1666இல் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெருஞ்சுறாவின் தலையை ஃப்ளாரன்ஸில் அறுத்துப் பார்த்த உடற்கூறியல் அறிஞர் ஸ்டெனோ, பாறைகளில் கிடைத்த ‘நாக்குக் கற்கள்’ சுறாப்பற்களே என்று மறு ஆண்டு எழுதினார்.

புட்டுக்கு வாங்கும் சின்னச் சுறாவின் பல் கண்ணுக்கு அகப்படாது. கையகல வாயுள்ள தலையாகக் கேளுங்கள். வேளா, திமிங்கலச் சுறா போன்றவற்றைச் சட்டம் காக்கிறது. எந்த இனம் என்று உறுதியாகத் தெரியாத தலையை வாங்காதீர்கள். தாடையை மீன் வெட்டும் அக்காவிடமே எடுத்துத் தரச் சொல்லுங்கள். நம் அரிவாள்மனை அதற்குப் போதாது. ‘இதை வைத்து என்ன குழம்பு தம்பி?’ என்று கேட்பார். சிரித்துவிட்டு வாருங்கள்.

இனி நான் சறுக்கிய இடம். முதல் தாடையை வேகவைத்தேன்; குருத்தெலும்பு சுருண்டு பற்கள் விரிசல் விட்டன. இரண்டாவதைப் பிளீச்சிங் பவுடரில் போட்டேன்; பல்லின் வேர் சுண்ணாம்பாக உதிர்ந்தது. மூன்றாவதை வெறும் தண்ணீரில் ஊறவைத்தேன். சதை அழுகிப் பற்கள் அழகாகக் கழன்றன. ஆனால் மேல்தாடை, கீழ்த்தாடை எல்லாம் வாளியின் அடியில் ஒரே குவியல். அகன்று, ஓரம் ரம்பமாக இருந்தவை ஒரு பக்கம். ஊசிபோல் ஒல்லியானவை ஒரு பக்கம். இரண்டு வகைச் சுறா கலந்துவிட்டது என்றே நம்பினேன். இரண்டும் ஒரே வாய்! இதுபோன்ற சுறாக்கள் பலவற்றில் கீழ்ப்பல் இரையைக் குத்திப் பிடிக்கும், மேல்பல் அறுக்கும்.

ஆகவே தாடையை நான்காக வெட்டுங்கள்: மேல் இடம், மேல் வலம், கீழ் இடம், கீழ் வலம். ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாக முடிந்து, வெவ்வேறு நிற நூலால் கட்டுங்கள். மூடியுள்ள வாளி, மொட்டை மாடி, மூடிமேல் ஒரு செங்கல். செங்கல் இல்லையென்றால் பூனை விருந்து வைத்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பல் அசையத் தொடங்கியதும் முடிச்சைப் பிரித்து, முன்பல்லிலிருந்து கடைவாய் வரை வரிசை குலையாமல் தெர்மோகோலில் பதியுங்கள். தேய்க்க மென்மையான பழைய பல்துலக்கி போதும்; கம்பித் தூரிகையைத் தொடவே கூடாது. பார்க்க, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ். கைப்பேசிக் கேமராவை நான் நம்புவதில்லை.

இப்போது காரைக்குப் போகலாம். அங்கே களிமண்ணில் ஜிப்சம் துணுக்குகள் வெயிலில் மின்னி ஏய்க்கும். ஜிப்சம் நகத்தால் கீறினாலே கோடு விழும். பல்லோ ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் புடைத்தும் இருக்கும். தட்டைப் பக்கம் உதட்டை நோக்கியது. காரை ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுக்கு முன் கடலாக இருந்தது. ரம்ப விளிம்போடு புலிச்சுறாப் பல்லை நினைவூட்டுவது ஸ்குவாலிகோராக்ஸ் என்ற அழிந்துபோன சுறாவாக இருக்கலாம். புலிச்சுறாவுக்கு அது நெருங்கிய உறவில்லை. வரிவரியாக மேடிட்ட மழுங்கல் பல் டைகோடஸ் என்ற இன்னொரு அழிந்துபோன சுறாவுடையது; அது சிப்பிகளை நொறுக்கித் தின்றது. பெயர்த்தெடுக்க அனுமதி வேண்டும் என்பதால் நாணயத்தை அருகில் வைத்துப் படமெடுத்து, வீட்டுத் தெர்மோகோலோடு ஒப்பிடுகிறேன். ‘அரியலூர் மெகலோடான்’ என்று யாரேனும் விற்றால் வாங்காதீர்கள். மெகலோடான் என்ற அந்த ராட்சதச் சுறா வாழ்ந்தது இந்தப் பாறைகள் உருவாகிப் பல கோடி ஆண்டுகள் கழித்து.

பின்சேர்க்கை: பல்லை வெளுக்க மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை அப்படியே ஊற்றியதாக இருவர் எழுதினார்கள். புட்டியில் 6 சதவீதம் என்றிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து, சில மணி நேரம் மட்டும் வையுங்கள். மாடி நாற்றத்துக்கு மருந்து கேட்டவருக்கு: வாளியைக் காற்று கடல் பக்கம் வீசும் மூலைக்கு நகர்த்துங்கள். எங்கள் கீழ்வீட்டு மாமி அதன் பிறகுதான் என்னோடு பேசுகிறார்.